ஏழாவது கட்டம்

எங்கள் ஊரில் யாரும் முழுதாக உட்கார மாட்டார்கள். நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணை எல்லைக் கேட்டின் மேல் வைத்திருப்பார்கள். கேட் திறந்ததா, வரிசை நகர்ந்ததா, அந்தப் பக்கத்து பஸ் வந்ததா, காலை முதல் மாலை வரை இதே பேச்சு. முடிவெட்டுகிறவர் பாதித் தலையில் கத்திரிக்கோலை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். லாரிகள் ஊரின் ஒரே பெரிய தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சக்கரங்களுக்கு நடுவே நெளிந்து போவார்கள். தெருவைத் தோண்டிக் குழாய் போட்டார்கள், லாரி ஏறி உடைந்தது, மறுபடி தோண்டினார்கள். அதற்கான மனுக்களையும் நான்தான் எழுதினேன். மொத்தம் ஏழு மனு. ஒன்றே ஒன்றுக்குப் பதில் வந்தது, அதுவும் பக்கத்து ஊரில் குழாய் சரிசெய்யப்பட்டுவிட்டதாக.

நான் கேட்டுக்கு வெளியே தகரக் கூரையின் கீழ் மேசை போட்டு ஃபாரம் எழுதுகிறவள். பதினோரு வருஷமாக எழுதுகிறேன். கழுத்தில் எழுத்தர் அட்டை தொங்கும், ஊருக்கு நான் ஃபாரம் அக்கா. அந்தப் பக்கம் போகிறவர்கள் என் மேசைக்கோ பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரரிடமோ வந்துதான் ஆக வேண்டும். ஃபாரம் மூன்று பிரதி, இடையில் கார்பன் தாள். ஒன்று நம் ஜன்னலுக்கு, ஒன்று அவர்கள் ஜன்னலுக்கு, ஒன்று போகிறவர் கைக்கு, முத்திரை விழுந்ததும் அதுதான் சீட்டு. மொத்தம் பத்துக் கட்டம். அதில் ஏழாவது, பயணத்தின் நோக்கம்.

ஏழாவது கட்டத்தில் எங்கள் ஊரார் எழுதுவது ஒன்றே ஒன்றுதான். உறவினரைக் காண. பல் பிடுங்கப் போனாலும் உறவினர், டயர் வாங்கப் போனாலும் உறவினர், வீட்டில் சண்டை போட்டுவிட்டுச் சும்மா சினிமா பார்க்கப் போனாலும் உறவினர். உறவினர் என்றால் ஒரு முத்திரை, பத்து நிமிஷம், சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிட்டால் கேள்வியே கிடையாது. படிப்பு, வேலை, வியாபாரம் என்று உண்மையைச் சொன்னால் இரண்டு முத்திரை, பெரிய பதிவேடு, மேலும் கீழுமாக ஒரு பார்வை. எவன் சொல்வான் உண்மையை? என் ஃபாரங்களை நம்பினால் அந்தப் பக்கத்து ஜனங்கள் மொத்தப் பேரும் எங்களுக்கு மாமன் மச்சான். ஜன்னலில் முத்திரை குத்துகிறவருக்கும் இது தெரியும். அவர் ஏழாவது கட்டத்தைப் பார்ப்பதை விட்டே பல வருஷம் ஆகிறது. எழுதுகிற நானும் பார்ப்பதில்லை. பேர், வயசு, முகவரி எல்லாம் கேட்டு எழுதுவேன், ஏழு வந்தால் கை தன் பாட்டுக்கு ஓடிவிடும்.

என் மகளுக்கு அந்தப் பக்கத்து நகரத்தில் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பதற்கான இரண்டு வருஷப் படிப்பு. இரண்டு தடவை பரீட்சை எழுதி, காத்திருப்போர் பட்டியலில் இரண்டு மாதம் கிடந்து, யாரோ ஒரு புண்ணியவதி வேண்டாம் என்று விட்டதால் கடைசி நேரத்தில் வந்த இடம். திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வீட்டில் அந்தக் கடிதத்தை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கே இல்லை. குளிக்கப் போகும்போதுகூட அதைக் கையில் வைத்திருந்தாள், நான்தான் பிடுங்கி அலமாரியில் வைத்தேன்.

எனக்குச் சந்தோஷம்தான். ஊர் பூராவும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஆனால் ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் சரியில்லை, சோறு இறங்கவில்லை. இந்த மேசையில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பிள்ளைகளை நானேதான் எழுதி அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்து குடியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதலில் வாராவாரம் வருவார்கள், அப்புறம் போன் வரும், அப்புறம் போனில், "இங்க கொஞ்சம் வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" வரும். அவர்களுடைய அம்மாக்கள் என் மேசைக்கு வந்து, "நீதானே எழுதிக் குடுத்தே" என்று ஏதோ நான்தான் பிள்ளையைக் கடத்திக்கொண்டு போனதுபோலக் கத்திவிட்டுப் போவார்கள். நானும் பதிலுக்குக் கத்துவேன். நம்ம வீட்டுக்கு வரும்போதுதான் அது என்னவென்று தெரிகிறது.

திங்கட்கிழமை எட்டரைக்கே மேசைக்கு வந்துவிட்டோம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எழுதுகிறவர் தன் வீட்டு ஆளுக்குத் தானே எழுத மாட்டார், அடுத்த மேசைக்காரர் எழுதுவார். சட்டமெல்லாம் இல்லை, வெறும் பழக்கம்தான். கண்ணாடிக்காரர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு தயாராக இருந்தார்.

"குடும்மா, பிள்ளைக்கு நான் எழுதறேன்" என்றார்.

"உங்க எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். என் பொண்ணு காலேஜுல சேரப் போறா, கோழிப் பண்ணைக்கு இல்ல" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு மூடியைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு ஒரு கல்யாணக் கூட்டம் வேறு. என்னைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே அவளுடையதையும் எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன், அது நன்றாக நினைவிருக்கிறது. கல்லூரிக் கடிதத்தைப் பின்னால் வைத்து ஊசி குத்தினேன். அவள் வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். அம்மா எழுதினதை யார் படித்துப் பார்ப்பார்கள்? ஜன்னலில் ஒரு முத்திரை விழுந்தது. என் வீட்டுக்காரர் எடைமேடையில் லாரி எடை போடுகிறவர், அரை மணி லீவு சொல்லிவிட்டு வந்து, பெட்டியைக் கேட் வரைக்கும் தூக்கி வைத்தார். அவள் எங்கள் இருவர் கன்னத்தையும் தொட்டுவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு இரண்டு கேட்டுக்கும் இடையிலான வெற்றுச் சாலையில் நடந்தாள். நான் அழவில்லை. கல்யாணக் கூட்டத்தில் பாக்கி நாலு பேர் இருந்தார்கள், அவர்களுக்கு எழுதப் போய்விட்டேன்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

"ம்மா, ஏழாவதுல என்ன எழுதியிருக்கே?"

"ஏன், படிப்புதானே..." என்று ஆரம்பித்தேன். கார்பன் தாளைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் கிடந்த தாளில் பேனா அழுந்திய தடம் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்திருந்தது. எல்லாம் உறவினர். அத்தனை பேரும் உறவினர்.

"சொந்தக்காரங்களைப் பார்க்க வந்தவளுக்கு எதுக்கு பெட்டி, பாய், தலையாணின்னு கேக்குறாங்க. கடிதத்தைக் காட்டினேன். அப்போ இது பொய் ஃபாரமான்னு கேக்குறாங்கம்மா." அவள் குரல் உடைந்துகொண்டிருந்தது. "திருப்பி அனுப்பிட்டாங்க. நான் நடுவுல நின்னுட்டிருக்கேன்."

ஓடினேன். எங்கள் பக்கத்துக் கம்பிக் கதவுக்கு உள்பக்கம், வெயிலில், பெட்டி மேல் உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்து ஊர் திரும்பியதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாங்கினால் அன்றைய கதை முடிந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சீட்டுதான். அந்தப் பக்கத்துக் கேட்டிலிருந்து கல்லூரிக்குப் போக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் இரண்டு மணிக்குள் போக வழியே இல்லை.

"கூட்டமா இருந்துச்சுடி, கை தன்னால..." என்றேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"லெட்டரைப் பின்னால குத்தி வெச்சியே, அப்பவும் தெரியலையா?"

"பழக்கம்டி."

அவள் என்னையே பார்த்தாள். என் மூக்கு அவளுக்கு, கோபம் வந்தால் அது விடைக்கும். "பழக்கமா," என்றாள், "இல்ல நான் போகக்கூடாதுன்னு நெனச்சியா?"

கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன், நடுவில் கம்பி. ஒரு வார்த்தை, இல்லையென்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆயிரம் பேரிடம் வாயடித்த எனக்கு அது வரவில்லை. "இருடி, வரேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

ஜன்னலில் முத்திரை குத்துகிறவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். முதல் நாள் வேலைக்கு வந்தபோது எந்த முத்திரை எதற்கு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சொன்னதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னக்கா இது. நானும் பார்க்கலையே."

"நீங்க என்னைக்குப் பார்த்தீங்க. ரத்து பண்ணிட்டு புதுசு குடுங்க சார்."

"குடுக்கலாம். எழுத்தர் வாக்குமூலம் வேணும்." இழுப்பறையைக் குடைந்து மஞ்சள் நிறத்தில் ஒரு தாளை எடுத்தார். அதைப் பதினோரு வருஷத்தில் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். தவறான விவரம் எழுதியது அறியாமல், அறிந்தே, என்று இரண்டு கட்டம் அதில் இருக்கும்.

"அறியாமல்" என்றேன்.

"முழுசாக் கேளுங்கக்கா. அறியாமல்னா தப்பு யாரோடதுன்னு விசாரிக்கணும். எழுத்தரா, போறவங்களா, ரெண்டு பேருமான்னு. மேலே போயிட்டு வர மூணு நாள் ஆகும்."

"அறிந்தேன்னா?"

"விசாரிக்க என்ன இருக்கு, நீங்களே ஒத்துக்கறீங்க. போறவங்க மேல தப்பில்ல. சீட்டு இப்பவே ரத்து, புதுசு இப்பவே." அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் கழுத்தைப் பார்த்தார். "ஆனா அட்டை போயிடும்கா. திரும்பக் குடுக்க மாட்டாங்க."

இப்படியும் ஒரு சட்டத்தை எவன் உட்கார்ந்து யோசித்தானோ, அவன் கையில் கட்டி முளைக்க. தெரியாமல் செய்தவளுக்கு மூன்று நாள், தெரிந்து செய்தவளுக்கு மூன்று நிமிஷம். இன்னும் பத்து நிமிஷத்தில் அவருடைய ஜன்னலையும் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. மணி பதினொன்று இருபது. அவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதற்கு ஒரு நேரமும் கிடையாது.

என் வீட்டுக்காரருக்கு யாரோ சொல்லி, எடைமேடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். சட்டையெல்லாம் லாரித் தூசி. விஷயத்தைச் சொன்னேன். அவர் எதற்கும் பதறாதவர், அதற்காகவே நான் இருபது வருஷமாக அவரைத் திட்டுகிறேன்.

"அட்டைதானே, போனாப் போகுது. எடைமேடைச் சம்பளம் இருக்கு" என்றார். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார். "ஆனா நீ அறியாமத்தானே எழுதினே?"

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அந்தக் காலைப்பொழுதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கல்யாணக் கூட்டம், கார்பன் தாள், அவள் பேர், அவள் வயசு. பத்தொன்பது என்று எழுதும்போது கை ஒரு நொடி நின்றது, அது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் எட்டாவது கட்டம் ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஏழாவதை எழுதினதே ஞாபகம் இல்லை. பழக்கம் என்றால் ஞாபகம் இருக்காது, சரிதான். ஆனால் ஆறு மணிக்குள் திரும்பி வரவேண்டிய சீட்டை அல்லவா என் கை எழுதியிருக்கிறது. ஒரு வாரமாக ராத்திரியெல்லாம் நான் எதை வேண்டிக்கொண்டு புரண்டேனோ, அதையேதான் எழுதியிருக்கிறது.

அவர் என் முகத்தைப் பார்த்தார், ஜன்னலில் கிடந்த மஞ்சள் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

மஞ்சள் தாளில் அறிந்தே என்ற கட்டத்தில் கோடு போட்டேன். கீழே கையெழுத்து, அட்டை எண், தேதி. எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை, அதுவேறு எனக்குப் பயமாக இருந்தது. அட்டையைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். முத்திரைக்காரர் அதை உடனே எடுக்கவில்லை.

"போறவங்க படிச்சுப் பார்த்து கையெழுத்துப் போடணும்கா" என்றார். "பாதிக்கப்பட்டவர்னு கீழே இடம் இருக்கு."

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. அவரே தாளை எடுத்துக்கொண்டு கம்பிக் கதவுக்கு வந்தார், பின்னாலேயே நானும் என் வீட்டுக்காரரும், எங்கள் பின்னால் கண்ணாடிக்காரர் புது ஃபாரத்தோடு. முத்திரைக்காரர் கம்பி இடுக்கில் தாளை நுழைத்தார். அவள் வாங்கிப் பெட்டி மேல் வைத்து, குனிந்து, வரி வரியாகப் படித்தாள். காலையில் அவள் அப்படிப் படித்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

அறிந்தே என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"இது சீட்டு வாங்கறதுக்காகப் போட்டதா?" என்றாள். "இல்ல நெஜமா?"

"நேரமாகுது, போடு" என்றார் அவள் அப்பா.

"நீ சும்மா இருப்பா. அம்மா சொல்லட்டும்."

முத்திரைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். சீட்டுக்காகத்தான்டி என்று ஒரு பொய்யைச் சொன்னால் அவள் நிம்மதியாகப் போவாள். அது பொய்தானா என்பதும் எனக்குத் தெரியவில்லை, அதுதான் கொடுமை.

"தெரியலடி" என்றேன். "சத்தியமாத் தெரியல."

அவள் தாளை மறுபடி பார்த்தாள். விரலால் இரண்டு கட்டத்தையும் தொட்டாள்.

"தெரியலங்கறதுக்குக் கட்டம் இல்லையா?"

"இல்ல."

மூக்கு விடைத்துக்கொண்டுதான் இருந்தது. பேனாவைக் கேட்டாள், என்னுடையதை நீட்டினேன், வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். என்ன நினைத்துப் போட்டாள் என்று அவள் முகத்திலிருந்து எனக்குப் படிக்க வரவில்லை. பேனாவை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கண்ணாடிக்காரர் மேசைக்குப் போகாமல் அங்கேயே நின்றபடி, எழுதும் பலகையை வயிற்றில் முட்டுக்கொடுத்து எழுதினார். ஏழாவது வந்தபோது ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார், யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. யாரும் சிரிக்கவில்லை. இரண்டு முத்திரை விழுந்தது, பெரிய பதிவேட்டில் பெயர் ஏறியது. பதினொன்று ஐம்பதுக்கு அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். பாதித் தூரத்தில் பாய்ச் சுருள் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தபோது திரும்பிப் பார்ப்பாள் என்று கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பாயை எடுத்தாள், தூசியைத் தட்டினாள், போய்விட்டாள். பஸ் கிளம்புகிற சத்தம் எங்கள் பக்கம் வரைக்கும் கேட்டது.

என் வீட்டுக்காரர் எடைமேடைக்குப் போகவேண்டியிருந்தது. நான் மேசையைத் துடைத்தேன், கார்பன் தாள்களை அடுக்கினேன், மறுபடி கலைத்து அடுக்கினேன். அட்டை இல்லாமல் அந்த மேசையில் உட்காரக்கூடாது, வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை. கல்யாணக் கூட்டத்தில் பிந்தி வந்த ஒரு பெண்மணி, "ஃபாரம் அக்கா, எனக்கொண்ணு" என்றாள். "அடுத்த மேசை" என்றேன். மணியைப் பார்த்தேன், ஒன்று இருபது. ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தேன், ஒன்று இருபத்து மூன்று.

இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. அப்பாவைத்தான் கூப்பிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

"சேர்ந்துட்டேன்மா." மூச்சு வாங்கியது, ஓடியிருக்கிறாள். பின்னால் பெண்பிள்ளைகள் பேசும் சத்தம் கேட்டது.

கடவுளே என்று மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டியா, வெயில்ல நின்னியே தலை வலிக்குதா, என்று என்னென்னவோ கேட்டேன்.

"இங்க ஆறு ஃபாரம் குடுத்தாங்க" என்றாள். "பள்ளிக்கூடத்துலேர்ந்து எல்லாத்தையும் நீதானே எழுதுவே, எனக்கு எதை எங்க எழுதறதுன்னே தெரியல. மூணு இடத்துல தப்பா எழுதி அடிச்சேன். வேற தாள் கேட்டேன், குடுத்தாங்க. ஒண்ணும் சொல்லல."

"அடிச்சாப் பரவாயில்லடி. பக்கத்துல சின்னதாக் கையெழுத்துப் போட்டாப் போதும். மத்ததை ஞாயித்துக்கிழமை வரும்போது எடுத்துட்டு வா, நான்..."

"வேணாம்மா" என்றாள். "இனிமே நானே எழுதிக்கறேன்."

சரிடி என்றேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை, வெகு சாதாரணமாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, அதோடு முடிந்திருக்கும்.